டப்பாச் சத்தம்

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்த மாமியாருக்கு ஒரு பக்கம் மயிரே இல்லை.

மாமியார் என்பது ஆட்டின் பெயர். மந்தையிலேயே மூத்த பெட்டை. யார் என்ன செய்தாலும் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும், அந்தப் பார்வையில் ஒரு குறை இருக்கும். அதனால் கதவைத் திறந்த அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். நிஜ மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

தொடை உயரம்கூட வராத பழுப்புச் செம்மறிகள் அவை. பார்த்தால் பாதி ஆடு, பாதி மான். மனிதன் ஆடு வளர்க்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மாறாமல் வந்த சாதி என்று விற்றவர் சொல்லியிருந்தார். இவற்றுக்குக் கத்தரி வேண்டாம். வெயில் காலம் தொடங்கும்போது மயிர் தானாகவே வேரில் தளரும். மடியில் சாய்த்துக் கையால் இழுத்தால் பஞ்சு மாதிரி கூடவே வந்துவிடும், ஆட்டுக்கு வலிக்காது. ஆனால் இது வெயில் காலம் இல்லை. புல் நுனியில் உறைபனி நிற்கிற பருவம்.

அவள் குனிந்து பார்த்தாள். கழுத்தில் தொடங்கி விலா வழியாகத் தொடைவரை சுத்தமாக எடுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முதுகெலும்பின் மேல் மட்டும் ஒரு பட்டையை விட்டிருந்தது. மழை பெய்தால் முதுகு நனையக் கூடாது என்று அப்படி விடுவது அவள் கணவரின் பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, மாமியாருக்கு எதுக்கு இப்பவே மயிர் எடுத்தீங்க? குளிர்ல விறைச்சுப் போயிடாதா?"

அவர் தண்ணீர் வாளியை வைத்துவிட்டு வந்து பார்த்தார். "நான் எங்கேம்மா எடுத்தேன்? செத்துப்போன மாமியார் மேல இருக்கற கோவத்த நீதான் இது மேல காட்டிட்டியோ என்னமோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அவர் வாளியை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய பயம் ஆட்டைப் பற்றியது இல்லை. அவர் பாதி ஆயுளை அச்சகத்து இயந்திரங்களின் இரைச்சலில் கழித்தவர். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. இரவெல்லாம் தேடி, விடிந்தபின் பேருந்து நிலையத்து பெஞ்சில் கண்டுபிடித்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பை அப்படியே இருந்தது. எத்தனையோ பேருந்துகள் வந்து போயிருந்தன, எதிலும் அவர் ஏறவில்லை. "யாராச்சும் கூப்பிட்டா போலாம்னு உக்காந்திருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போகச் சொன்னார். வீட்டை விற்று, இந்த மேட்டு நிலத்தையும் ஓட்டு வீட்டையும் வாங்கி, இந்த ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆடுகள் அவரை மீட்டுக் கொடுத்தன. இப்போது அவர் குளிக்கும்போது பாடுகிறார், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். அது மறுபடி கையைவிட்டுப் போய்விடக் கூடாது.

ஆகவே, தானே செய்துவிட்டு மறந்துபோனாரோ என்ற நினைப்பு அவளை விடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அலைந்தாள். கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள். ஜன்னல் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

இந்தச் சாதியை நாய் வைத்து ஓட்ட முடியாது. மற்ற செம்மறிகள் பயந்தால் ஒன்றோடொன்று நெருங்கிக் கும்பலாகும். இவை பயந்தால் கையிலிருந்து சிந்திய கடுகு மாதிரி திசைக்கொன்றாகச் சிதறிவிடும். வந்த புதிதில் அவற்றைத் துரத்தி ஓய்ந்துபோய், கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு தகர டப்பாவில் பாதிக்குத் தீவனத்தைப் போட்டு ஆட்டுவார். சலக், சலக், பிறகு நீளமாக ஒரு சலசலப்பு. எப்போதும் அதே தாளம்தான். முதலில் மாமியார் வந்தது. பிறகு எல்லாம் வந்தன. இப்போது அந்தச் சத்தம் கேட்டால் போதும், வாயிலிருக்கும் புல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மெல்லுவதை நிறுத்தும், தலை நிமிரும், முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் நிற்கும். ஒரு நொடி அப்படி நின்றுவிட்டு ஓடிவரும்.

"பாத்தியா, அடிக்க வேணாம், விரட்ட வேணாம். பிடிச்சதக் காட்டுனா தானா வரும்" என்பார் அவர் பெருமையாக.

வீடு மேட்டில் இருந்தது. நிலம் அங்கிருந்து சரிந்து இறங்கிக் கீழே கம்பி வேலியில் முடியும். வேலிக்கு அப்பால் ஊற்றுநீர் கசிகிற ஒரு பள்ளம், அதை மூடிக்கொண்டு ஆள் உயரத்துக்கு முள்புதர். அந்தப் பள்ளம் யாருடைய நிலத்திலும் சேராது என்று பத்திரம் முடித்தபோதே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மேட்டுக்குத் தூக்கி வருவானேன் என்று அவர் பழைய டப்பா ஒன்றைக் கீழ் வேலிக் கம்பத்திலேயே மாட்டி வைத்திருந்தார். அது சில வாரங்களுக்கு முன்பு காணாமல் போயிருந்தது.

"காத்துல விழுந்து உருண்டிருக்கும். போனாப் போகுது, ஓட்ட டப்பா" என்று விட்டுவிட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

மாமியாரின் மயிர் போன மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு கொதிக்கிற வாசனை. கொல்லைப்பக்கத்து ஈர மண்ணின் வாசனையும், அதோடு ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கு வாசனையும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. கீழேயிருந்து டப்பா ஆட்டும் சத்தம் கேட்டது. சலக், சலக், நீளமாக ஒரு சலசலப்பு. ஜன்னல் வழியே பார்த்தாள். ஆடுகள் தலை நிமிர்ந்து ஒரு நொடி நின்றன, பிறகு சரிவில் கீழ்நோக்கி ஓடின. இந்நேரத்துக்கு எதற்காக இவர் கீழே கூப்பிடுகிறார் என்று நினைத்தபடி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"யாரும்மா டப்பா ஆட்டறது?"

அவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த தலையில் ஈரம், தோளில் துண்டு.

இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள். மறுபடியும் அதே தாளம். ஆனால் டப்பாவுக்குள் இருந்தது தீவனம் இல்லை. தீவனம் மணல் மாதிரி சரியும். இது அதைவிடக் கெட்டியாக, குறைவாக, ஒன்றிரண்டு உருளுவது தனித்தனியாகக் கேட்கும்படி இருந்தது.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் சரிவில் இறங்கிக் கீழ் வேலியைத் தொட்டது. ஆடுகள் எல்லாம் அங்கே இருந்தன. நெருங்கி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஒரே கும்பலாக. அவள் அவற்றை அப்படிப் பார்த்ததே இல்லை. எல்லா முகங்களும் புதரைப் பார்த்திருந்தன. ஒன்றுகூட வெளிச்சத்துக்குத் திரும்பவில்லை.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஆடுகள் சாவகாசமாக மேலே வந்தன. எதையோ மென்றுகொண்டே வந்தன. கொட்டகையில் அவர் வைத்த தீவனத்தை எதுவும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு விதத்தில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் மறக்கவில்லை. அவர் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. வேறு யாரோ செய்கிறார்கள். அந்த நிம்மதியோடு பக்கத்து நிலத்து டிராக்டர்காரருக்குப் போன் செய்தாள். அவர் எதற்கும் அசராத மனிதர். பேய் வந்தாலும் டயருக்குக் காற்றடிக்கச் சொல்லுவார்.

"களவாணிப் பய எவனோ உங்க ஆட்டப் பழக்கறான்" என்றார் டிராக்டர்காரர். "இப்பப் பழக்கி வெச்சுக்கிட்டா அப்புறமா ஓட்டிட்டுப் போறது சுலபம். காதப் பாருங்க மொதல்ல. தன் அடையாளத்த வெட்டிட்டான்னா நாளைக்கு என்னோடதுன்னுதான் சொல்லுவான்."

காலையில் பார்த்தார்கள். அவர்களுடைய அடையாளம் இடது காதில் ஒரு முக்கோண வெட்டு. ரயிலில் டிக்கெட்டைத் துளைக்கிற மாதிரி ஒரு இடுக்கி இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே ஒரே அழுத்து, அவ்வளவுதான். அவர் மாமியாரைக் கால்களுக்கு நடுவில் பிடித்து நிறுத்தினார். அவள் வலது காதை விரித்துப் பார்த்தாள்.

அங்கேயும் ஒரு முக்கோணம்.

இடுக்கி வெட்டினால் ஓரம் நேராக இருக்கும். இது நேராக இல்லை. சின்னச் சின்னதாக, பொறுமையாக, கொறித்து எடுத்த மாதிரி இருந்தது. புது வெட்டும் இல்லை. தோல் மூடி, மயிர் முளைத்து, பல மாதங்களுக்கு முன்பே ஆறியது மாதிரி இருந்தது. அடுத்த ஆட்டைப் பிடித்தார்கள். அதற்கு அடுத்ததையும். கடைசியாகப் பிறந்த குட்டியைத் தவிர எல்லாவற்றுக்கும் இருந்தது.

"போன வாரம் மருந்து ஊத்தறப்ப இது இல்லம்மா. நான்தானே ஒவ்வொண்ணா தலையப் பிடிச்சேன்" என்றார் அவர். அவர் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "வலிச்சிருந்தா ஒண்ணாச்சும் கத்தியிருக்கும் இல்ல?"

அவளுடைய நிம்மதி அங்கேயே கரைந்துபோனது. திருடுகிறவன் பிடித்துக்கொண்டு போவான். மயிரை எடுத்துவிட்டு, மழைக்கு ஒரு பட்டை விட்டு, வயிற்றையும் நிரப்பித் திருப்பி அனுப்ப மாட்டான். கீழே இருப்பது எதுவானாலும் அது இவரைப் பார்த்திருக்கிறது. நாள் கணக்காக, மாதக் கணக்காகப் புதருக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்து, ஆடு எப்படி வளர்ப்பது என்று கற்றுக்கொண்டிருக்கிறது.

"வித்துடலாங்க. நாளைக்கே வித்துடலாம். நாமளும் போயிடலாம்."

"எங்க போறது?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவர் மாதிரி கேட்டார். அந்தக் குரலை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், பேருந்து நிலையத்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவரே சமாதானம் சொன்னார். ஆடுகளைக் கொஞ்ச நாள் கொட்டகைக்குள்ளேயே அடைத்துத் தீவனம் போடலாம். கீழ் வேலியில் இன்னும் இரண்டு வரிசை கம்பி இழுக்கலாம். மறுநாள் மதியம் சாப்பிட்ட கையோடு கம்பிச் சுருளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமியாரின் மயிரில் அவள் பின்னிக் கொடுத்த குல்லாயைக் காது மூடும்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். காலையிலிருந்தே மூடுபனி. கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"நானும் வரேன்."

"நீ வந்து என்ன பண்ணப்போற, குளிர்ல நின்னு என்னத் திட்டவா? சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும் பாரு. பயப்படாத."

சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து டொக், டொக், டொக். ஆணி இறங்கும்போது கடைசி அடி கொஞ்சம் அழுத்தமாக விழும், பிறகு அடுத்த கம்பத்துக்கு நகர ஒரு இடைவெளி, பிறகு மறுபடி டொக், டொக். அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பனி முகத்தில் படிவதைத் துடைக்கக்கூடச் செய்யாமல், அந்த ஒவ்வொரு அடியையும் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பதுபோல மனத்துக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். துணி மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். வெளியே வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அடுத்த கம்பம். அடுத்த கம்பம்.

அடி நின்றது.

இடைவெளி என்று நினைத்தாள். இடைவெளி நீண்டது.

சலக், சலக்.

கொட்டகைக்குள் ஆடுகள் ஒரே சமயத்தில் கத்தின. கதவில் மோதின. குளம்புகள் பலகையில் தடதடத்தன. தாழ்ப்பாள் குதித்தது. அந்தக் கத்தலில் பயம் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எதிரில் பிடித்ததைச் சமைத்த மாதிரி ஓர் ஆசை, ஓர் அவசரம். கீழே டப்பா நீளமாக ஒரு தடவை ஆடியது. பிறகு அமைதியானது.

"ஏங்க!"

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏங்க! மேல வாங்க! போதும்!"

டொக். டொக். டொக்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேதான் இருக்கிறார். வேலை முடியாமல் வர மாட்டார், பிடிவாதக்காரர், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். புல் வழுக்கியது. டொக், டொக். சத்தம் நேராக எதிரே. டொக், டொக். வேலிக் கம்பம் பனியிலிருந்து எழுந்து வந்தது. புதுக் கம்பி பளபளத்தது, பாதி தூரம்வரை. அங்கே அறுந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பத்தின் அடியில் சுத்தியல் கிடந்தது.

டொக். டொக்.

அவள் சுத்தியலைப் பார்த்தாள். கைப்பிடியில் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. கொஞ்ச நேரமாக யாரும் அதைத் தொடவில்லை.

டொக். டொக். டொக். புதருக்குள்ளிருந்து. ரொம்பப் பக்கத்தில். கடைசி அடியில் அழுத்தம் இல்லை. எல்லா அடியும் ஒரே மாதிரி. ஆணி எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியாத ஏதோ ஒன்று, சத்தத்தை மட்டும் செய்துகொண்டிருந்தது.

எண்ணெய்ப் பிசுக்கு வாசனை. ஆட்டு மயிர் வாசனை. ஈரமாக, குவியலாக, வருஷக் கணக்காகச் சேர்த்து வைத்த மாதிரி.

அவள் ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டு போனை எடுத்தாள். எண் தவறியது. மறுபடி தவறியது. அவரை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்ற நினைப்பு அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறக்கத் திரும்பினாள்.

கதவு வெளியிலிருந்து தட்டப்பட்டது.

"நான்தாம்மா. பசிக்குது."

அவர் வாசலில் நின்றிருந்தார். முழுக்க நனைந்து, குல்லாயிலிருந்து நீர் சொட்ட, முகத்தில் ஒரு சிரிப்போடு. அவள் அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள், பிறகு சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. அவர்தான்.

"எங்க போனீங்க? கத்தினேன், காது கேக்கலயா? சுத்தியல் கீழ கெடக்குது, நான் என்னன்னு நினைக்கறது?"

"கீழதான் இருந்தேன். நல்ல இடம்மா அது."

அதற்குமேல் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. விளக்கைப் போட்டாள். கதவின் மேல் தாழையும் கீழ்த் தாழையும் போட்டாள். சோற்றைச் சூடு பண்ணித் தட்டில் வைத்தாள். நாளைக் காலையில் டிராக்டர்காரரை வரச்சொல்லி, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். எங்கே என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் குனிந்து சாப்பிட்டார். தாடை ஒரே சீராக அசைந்தது. முகத்தில் இத்தனை அமைதியை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவள் மனமும் கொஞ்சம் அடங்கியது.

"அந்த ஈரக் குல்லாயக் கழட்டுங்க. சளி பிடிச்சுக்கும்."

அவர் கழற்றவில்லை. அவளே எழுந்துபோய் இழுத்துக் கழற்றினாள். கையிலிருந்த துண்டால் தலையைத் துவட்டினாள். நெற்றி, பின்னங்கழுத்து, இடது காது.

வலது காது.

துண்டு நின்றது. காது மடலின் மேல் ஓரத்தில் ஒரு முக்கோணம். ரத்தம் இல்லை. தோல் மூடி, மெல்லிய முடி முளைத்து, நெடுநாளைக்கு முன்பே ஆறியது மாதிரி. மதியம் அவள் கையால் சாப்பாடு போட்டபோது அந்தக் காது முழுசாக இருந்தது.

கீழே, பனிக்குள், சலக், சலக்.

கொட்டகையில் ஆடுகள் கத்தத் தொடங்கின. அவள் அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். "ஏங்க" என்றாள்.

அவர் தாடை அசைவது நின்றது. சோறு ஒரு கன்னத்தில் அடங்கியது. தலை மெல்ல நிமிர்ந்து கதவைப் பார்த்தது. வலது கை தட்டிலிருந்து எழும்பி, மணிக்கட்டில் மடங்கி, அப்படியே அந்தரத்தில் நின்றது.